மனந்திரும்புதல் முற்றோ? எச்சமோ?

கிறிஸ்தவர்களாகிய நம்மிடையே ஓயாது வழங்கும் சொற்கள் மூன்று: மனந்திரும்புதல், விடுதலை, வளர்ச்சி என்பன. இம்மூன்றும் ஒரு புகைவண்டிப் பாதையிலுள்ள நிலையங்கள் போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்பனவென்றும், முதல் நிலையத்தைக் கடந்தவன் மீண்டும் அங்கே வரவேண்டுவதில்லையென்றும் நம்மிற் பலர் எண்ணிவருகின்றனர். உபதேசியார் ஒருவர் மேடைமீதேறி, "நீ மனந்திரும்பிய நாள் எது? நேரம் எது?" என்று வினவுங்கால், விடை கூறவல்லவன் தலை நிமிர்ந்திருக்கின்றான், மாட்டாதவன் தலை கவிழ்கின்றான். அவ்வினாவே பிழையென்று சொல்ல யான் துணியேன். தமஸ்கு வழியிலே சவுலுக்கு ஒரு நாளும் ஒரு நண்பகலும் இருந்தனவன்றோ? ஆயினும் அவ்வினாவோடு நின்றுவிடுதல் பெரும்பிழை என்பது என் துணிபு. இதனைக் காட்டுவதற்கு வேறெங்கும் போகவேண்டுவதில்லை. மேடைகளில் மிகுதியும் எடுத்தாளப்படும் ஒரு மனிதருடைய சரித்திரமே போதும்.

ஜான் நியூட்டன் என்பாரைப்பற்றிக் கேள்விப்படாத கிறிஸ்தவ மாணவர் சிலரே இருப்பர். 'அமேசிங் கிரேஸ்' என்னும் ஆங்கில ஞானப்பாட்டை இயற்றியவர் அவர். அவர் கதையை நாம் கேட்டிருக்கும் முறை இது: அவர் அடிமை வியாபாரத்தில் ஈடுபட்ட கொடிய மாலுமி, நடுக்கடலிற் புயல் எழுந்தது, அவர் கடவுளை நோக்கிக் கூவினார், கப்பல் கரை சேர்ந்தது, உடனே அடிமைகளை விடுவித்து, அத்தொழிலைத் துறந்து, குருவாகி, அப்பாட்டைப் பாடினார். கேட்பதற்கு இனிய கதை. கால்மணி நேரத்திற் சொல்லி முடித்து, அழைப்புக் கொடுத்து, ஜெபத்தோடு கூட்டத்தை நிறைவேற்றுதற்கு ஏற்ற கதை. இதிலுள்ள குறை ஒன்றே: நடந்தது இதுவன்று.

நடந்ததைச் சொல்லுவேன். நியூட்டன் 1725-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் கப்பற்றலைவர், வேதத்தை ஊட்டி வளர்த்த அன்னையாரோ அவருக்கு ஏழு வயது நிரம்புமுன்னரே இறந்துபோனார். இளமையிலேயே கடலிற் புகுந்த அவரை 1744-இல் அரசாங்கக் கடற்படையார் வலிந்து பிடித்துச் சென்றனர். அங்கிருந்து தப்பியோட முயன்று, அகப்பட்டுச் சவுக்கடி பட்டார். பின்னர் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், சியரா லியோன் நாட்டை அடுத்த தீவுகளில், அடிமை வியாபாரி ஒருவனிடத்தில் வேலைக்கமர்ந்து, நோயும் பசியும் மேலிட, அடிமையினுங் கடைப்பட்ட நிலையடைந்தார். அக்காலத்தில் அவருக்கு ஒளித்து ஒளித்து உணவு கொணர்ந்து தந்தவர் யாவர் தெரியுமா? சங்கிலியிற் கட்டுண்டிருந்த அடிமைகள். தங்களுக்கு அளந்து கொடுக்கப்பட்ட சொற்ப உணவிலிருந்தே ஈந்தனர். இதனை நியூட்டனே பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். இந்த ஒரு செய்தியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசிக்க வேண்டுகிறேன்.

1748-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21-ஆம் நாள், அவர் இங்கிலாந்துக்குத் திரும்பி வந்த கப்பல் வட அட்லாண்டிக் கடலிற் புயலில் அகப்பட்டது. கப்பலின் பக்கம் உடைந்து நீர் புகுந்தது. அப்பொழுதுதான் தன்னையறியாமலே தேவனிடத்தில் இரக்கத்தை வேண்டினார். ஏப்ரல் மாதத்தில் அக்கப்பல் அயர்லாந்தின் வடகரையை அடைந்தது. அந்நாளை அவர் முதுமைவரையில் ஆண்டுதோறும் நோன்பும் ஜெபமுமாய் நினைவுகூர்ந்தார். இதுவரையில் மேடைக்கதை மெய்யே.

அதன் பின்னர்? அதே 1748-ஆம் ஆண்டிலேயே அடிமைக் கப்பலொன்றிற் துணைத்தலைவராய் ஏறி மீண்டும் ஆப்பிரிக்கா சென்றார். 1750 முதல் 1754 வரையில் தாமே கப்பற்றலைவராகி மூன்று பயணம் செய்தார். அந்நாட்களில் அவர் எழுதிய கப்பற் குறிப்பு இன்றும் உள்ளது, 1962-இல் அச்சேறியது. விலைக்கு வாங்கிய ஆடவர், மகளிர், சிறுவரின் கணக்கு அதிலே உப்பு, அரிசி முதலிய சரக்குகளின் கணக்கைப் போலவே வரிசை வரிசையாய் இருக்கிறது. கப்பலிற் கலகம் செய்யச் சதி நடந்ததென்று ஐயுற்று, சிறுவர் சிலரை விலங்கிட்டு, பெருவிரலை நெருக்கும் இரும்புத் திருகினாற் சிறிது வருத்தி உண்மையைச் சொல்லச் செய்த செய்தியும் அதில் உண்டு. இதே மனிதர்தாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலுமிகளை மேற்றளத்திற் கூட்டி இரு வேளையும் தாமே ஆராதனை நடத்தினார். மேற்றளத்தில் ஜெபம், கீழ்த்தளத்தில் சங்கிலி. ஜெபம் பொய்யென்று சொல்ல ஆதாரமில்லை. அவர் உள்ளம் உருகியே ஜெபித்தார். அதுதான் நம்மைத் திடுக்கிடச் செய்வது.

1754-இல் அவர் கடலைவிட்டது மனச்சாட்சியினாலன்று. திடீரென்று ஒரு வலிப்பு நோய் கண்டு மயங்கி வீழ்ந்தமையால், வைத்தியர் சொற்படி பயணத்தைக் கைவிட்டார். அதன்பின் லிவர்ப்பூல் துறைமுகத்திற் சுங்க உத்தியோகம். 1764-இல் ஓல்னி என்னும் ஊரிற் குருத்துவம். அவ்வாண்டில் வெளிவந்த தம் வரலாற்று நூலில், அத்தொழில் தமக்குச் சிறைக்காவலன் வேலை போல வெறுப்பாயிருந்ததென்று எழுதுகிறார்; ஆனால் அது தகாததென்ற ஐயம் அக்காலத்தில் தமக்கு எழவில்லையென்றும், தெய்வசித்தம் தமக்கு வகுத்த தொழிலென்றே எண்ணியிருந்ததாகவும் உரைக்கிறார். புகழ்பெற்ற அப்பாட்டு 1773-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாள் ஆராதனைக்கென்று அமைந்தது. அப்பொழுதும் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் எழுதிய நூல் எதுவும் இல்லை. அது வந்தது 1788-இல்.

புயல் 1748. புத்தகம் 1788. இடையில் நாற்பது ஆண்டு.

இக்கணக்கைக் கேட்டவுடன் இருவகையான பேச்சு எழும். ஒரு சாரார், "பார்த்தீரா! அந்த மனந்திரும்புதலே வெறும் வேஷம்" என்பர். மறுசாரார், "காலம் அப்படி, அக்காலத்தில் எவருக்குத்தான் அது குற்றமாய்த் தோன்றிற்று?" என்பர். இவ்விரண்டும் எனக்கு உடன்பாடல்ல.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். அதுவே எளிதிற் கவிழ்வது. நியூட்டன் கடைசி அடிமைப் பயணத்தை முடித்த அதே 1754-இல், அமெரிக்காவின் நியூ ஜெர்சிப் பகுதியில் ஜான் உல்மன் என்னும் தையற்காரர், அடிமைகளை வைத்திருத்தல் கிறிஸ்தவர்க்கு ஆகாதென்று ஒரு நூலை வெளியிட்டார். அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். இளமையில் ஒரு கடையிற் கணக்கெழுதிக்கொண்டிருக்கையில், எசமானர் ஒருநாள் ஓர் அடிமைப் பெண்ணை விற்கும் பத்திரத்தை எழுதச் சொன்னார். உல்மன் எழுதிக்கொடுத்தார், எழுதும்போதே உள்ளம் உறுத்தியது, இது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாதென்று அவர்கள் முகத்துக்கு முன்னே சொல்லவும் செய்தார். அடுத்தமுறை வேறொருவர் அத்தகைய பத்திரம் கேட்டபோது மறுத்துவிட்டார். பிற்காலத்திலே அடிமையுள்ள வீட்டில் விருந்துண்டால், பணிசெய்த அடிமைகளுக்குக் கூலியைத் தம் கையிலிருந்தே கொடுத்துச் செல்வது அவர் வழக்கம். புயலும் இல்லை, இடியும் இல்லை. ஓர் எழுதுகோலும் ஒரு பத்திரமுமே அவருக்குப் போதியனவாயிருந்தன. ஆகவே காலத்தின்மேற் பழிபோடுதல் செல்லாது. அக்காலத்திலேயே கண்ணுடையார் இருந்தனர்.

மேலும், "அக்காலத்தில் எவருக்கும் தோன்றவில்லை" என்று சொல்லுமிடத்து, அந்த 'எவரும்' என்ற சொல்லுக்குள் அடிமைகள் அடங்குவரா, அடங்காரா? சங்கிலியிலிருந்தவனுக்கு அது குற்றமென்று தோன்றாமலா இருந்தது? இக்காலத்துக் கானா நாட்டின் கரையோரத்திற் பிறந்து, சிறுவனாய் விளையாடிக்கொண்டிருக்கையிற் கடத்தப்பட்டு, மேற்கிந்தியத் தீவில் அடிமையாயிருந்து, பின்னர் இங்கிலாந்து சேர்ந்து 1773-இல் ஞானஸ்நானம் பெற்ற ஒட்டோபா குகோவானோ என்பவர், நியூட்டனுக்கு ஓராண்டு முன்னதாக, 1787-இலே தம் நூலை வெளியிட்டார். இக்கொடுமையை எதிர்த்து வாய் திறவாத ஒவ்வொரு பிரித்தானியனுக்கும் அதில் ஒரு பங்குண்டு என்பது அவர் வாதம். குகோவானோ ஞானஸ்நானம் பெற்ற ஆண்டும், ஓல்னியில் அப்பாட்டு எழுந்த ஆண்டும் ஒன்றேயென்பதை நம் மேடைகளில் எவரேனும் சொல்லக் கேட்டதுண்டோ?

இனி, "வேஷம்" என்பாருக்கு விடை கூறவேண்டும். இதற்கு வேதாகமத்தினுள்ளே சற்று ஆழ்ந்து செல்லுதல் அவசியம். தமிழ் பயிலும் மாணவனாதலின் சொற்களின் வழியாகவே செல்லுகிறேன்.

மனந்திரும்புதல் என்பது நம் பழைய மொழிபெயர்ப்பாளர் நமக்கு வைத்துப்போன நல்ல சொற்களுள் ஒன்று. எபிரெய மொழியிலே தீர்க்கர்கள் வழங்கியது 'ஷூப்' என்பது. வழியிற் செல்பவன் திரும்பி வருதலே அதன் பொருள். கிரேக்கத்தில் வழங்கியது 'மெட்டனோயா' என்பது. எண்ணம் மாறுதல் என்று பொருள்படும். ஒன்றிற் கால் திரும்புகிறது; மற்றொன்றில் மனம் மாறுகிறது. தமிழ்ச் சொல்லில் மனமும் இருக்கிறது, திரும்புதலும் இருக்கிறது. இருமொழியின் கருத்தும் ஒரு தொடரில் அமைந்தது நம் பேறு. ஆனால் அதனை நாம் வழங்கும் முறையிலேதான் கேடு புகுந்தது. "நான் மனந்திரும்பினேன்" என்று வினைமுற்றாக்கிப் புள்ளி வைத்துவிடுகிறோம். வேதம் காட்டும் மனந்திரும்புதலோ பெரும்பாலும் வினையெச்சமாய் நிற்பது. "மனந்திரும்பி" என்று ஒருவன் சொல்லி நிறுத்தினால், கேட்பவன் "மனந்திரும்பி என்ன செய்தாய்?" என்று கேளாமலிரான். எச்சம் முற்றை அவாவி நிற்கும் என்பது இலக்கணம்.

யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகனிடத்தில் வந்த ஜனங்கள் இந்த இலக்கணத்தை நன்கறிந்தவர்கள். அவர்கள் கேட்ட கேள்வி, "நாங்கள் இனி என்ன செய்யவேண்டும்?" என்பதே. லூக்கா மூன்றாம் அதிகாரத்தைப் பார்க்க. யோவானோ அவர்களைப் பார்த்து அழச் சொல்லவில்லை. நாளைக் குறித்துவைக்கச் சொல்லவில்லை. இரண்டு அங்கியுடையவனை ஒன்றைக் கொடுக்கச் சொன்னான். ஆயக்காரரைக் குறித்த வரிக்குமேல் வாங்கவேண்டாமென்றான். போர்ச்சேவகரை ஒருவரையும் இடுக்கண்செய்து பறிக்கவேண்டாமென்றான். துணி, காசு, தொழில்: இவற்றைத் தவிர வேறு பேச்சு அங்கே இல்லை. நியூட்டனைக் கேட்பதானால் நாம் கேட்கவேண்டியது இதுவே. "மனந்திரும்பி, உன் கப்பலை என்ன செய்தாய்?"

எச்சம் முற்றைப் பெறாமல் அறுந்துபோதலும் உண்டு. எரேமியா முப்பத்துநான்காம் அதிகாரத்தை நம் கூட்டங்களில் வாசிப்பார் அரியர். ஆயினும் இப்பொருளுக்கு அதைவிடத் தெளிந்த இடம் எனக்குத் தெரிந்தவரையில் இல்லை. கி. மு. 588-ஆம் ஆண்டையொட்டி, பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. நகரம் நடுங்கியது. அப்பொழுது அரசனும் பிரபுக்களும் தேவாலயத்தில் உடன்படிக்கைசெய்து, ஏழாம் ஆண்டிற் செய்திருக்கவேண்டிய கடமையை நினைந்து, தங்கள் எபிரெய அடிமைகளை எல்லாம் விடுதலை செய்தனர். உண்மையான விடுதலை, அடிமைகள் தம் வீடு சென்றனர். சிறிது காலத்தில் எகிப்தியர் சேனை வருகிறதென்று கேட்டுப் பாபிலோனியர் முற்றுகையைத் தளர்த்தினர். உடனே எருசலேமின் பிரபுக்கள் விடுவித்தவர்களையெல்லாம் திரும்பப் பிடித்து அடிமையாக்கிக்கொண்டனர்! புயலில் திறந்த கை, அமைதியில் மூடிக்கொண்டது. எரேமியா அதற்குச் சொன்ன தீர்ப்பு மிகக் கொடிது: நீங்கள் சகோதரனுக்கு மறுத்த விடுதலையைப் பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் நான் கூறுகிறேன் என்று கர்த்தர் உரைப்பதாக முழங்கினான். அவ்விடத்தில் விடுதலைக்கு நிற்கும் எபிரெயச் சொல் 'தெரோர்' என்பது. லேவியராகமத்தில் ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலியைப் பறைசாற்றுமிடத்தும், ஏசாயாவின் அறுபத்தோராம் அதிகாரத்திலும், ஆகவே நாசரேத்தின் ஜெபாலயத்தில் நம் ஆண்டவர் வாசித்த பகுதியின் மூலத்திலும் நிற்பது அதே சொல். இதனால் நாம் அறிவது யாதெனின், வேதத்தில் விடுதலை என்பது நெஞ்சினுள் மட்டும் நடக்கும் ஓர் இரகசியமன்று. யாரோ ஒருவன் வீடு திரும்புவது அது.

'வீடு' என்றேன். தமிழிலே விடு என்னும் பகுதியினின்றே விடுதலை, வீடு என்னும் இரண்டும் பிறந்தன. அறம் பொருள் இன்பம் வீடு என்று முன்னோர் நான்காய் வகுத்தபோது, பற்றனைத்தையும் விடுதலே வீடாயிற்று. ஆனால் உலகவழக்கில் வீடென்பது குடியிருக்கும் மனை. விட்டுப்போவதற்கும் தங்கியிருப்பதற்கும் ஒரே சொல்லா என்று முதலில் வியப்பாயிருக்கும். யோவான் எட்டாம் அதிகாரத்தைப் பார்த்தால் வியப்பு நீங்கும். அங்கே ஆண்டவர் விடுதலையைப் பேசிவரும்போதே வீட்டைப் பேசுகிறார்: அடிமை வீட்டில் நிலைத்திரான், குமாரனோ நிலைத்திருப்பான் என்கிறார். கட்டை அறுத்துத் தெருவில் விடுவது அவர் கூறும் விடுதலையன்று. பிள்ளையாக்கி உள்ளே அழைத்துக்கொள்வதே அது. பிள்ளைக்கு வீட்டில் வேலையுமுண்டு.

இங்கே நம் மொழிபெயர்ப்பைப்பற்றி ஒரு வார்த்தை. யோவானில் விடுதலை என்று பெயர்த்தவர்கள், கலாத்தியரில் அதே கிரேக்கச் சொல்லைச் சுயாதீனம் என்று பெயர்த்தனர். தன் வசத்திலே தான் இருத்தல் என்பது அதன் பொருள். பவுல் அப்போஸ்தலர் சொல்லவந்தது ஏறக்குறைய இதற்கு மாறு. அழைக்கப்பட்டது விடுதலைக்கே; ஆனால் அதனைச் சரீரப்பிரகாரமான வாழ்வுக்கு வாசலாக்காமல் அன்பினாலே ஒருவர்க்கொருவர் பணிசெய்யுங்கள் என்கிறார். 'ஊழியம்' என்று நாம் மெதுவாய் வாசித்துப்போகிற அவ்விடத்தில், கிரேக்கத்தில் நிற்பது அடிமை என்னும் பெயரடியாகப் பிறந்த வினை. அடிமைத்தன நுகத்தை மறுபடியும் சுமவாதிருங்கள் என்று அதிகாரத்தைத் தொடங்கியவர், பதின்மூன்றாம் வசனத்தில் ஒருவர்க்கொருவர் அடிமையாகச் சொல்லுகிறார். 1871-இல் பௌவர் ஐயரும் அவர் குழுவினரும் வெளியிட்ட திருப்புதலை யான் பெரிதும் போற்றுபவன். அதன் ஓசை என் செவியிலே தாலாட்டோடு கலந்தது. ஆயினும் இந்த ஓரிடத்தில், முரணின் கூர்மை மழுங்கிவிட்டதென்றே சொல்லவேண்டும்.

நிற்க. நியூட்டனுடைய மனந்திரும்புதல் வேஷமா என்ற வினாவுக்கு வருவோம். மாற்கு எட்டாம் அதிகாரத்திற் பெத்சாயிதா ஊர்க் குருடன் ஒருவன் வருகிறான். மற்றச் சுவிசேஷகர் எவரும் கூறாத அற்புதம் இது. ஆண்டவர் அவன் கண்களைத் தொட்டு, எதையாகிலும் காண்கிறாயா என்று வினவுகிறார். அவன் விடை, மனிதர் நடக்கிற மரங்களைப்போலத் தோன்றுகின்றனர் என்பது. மறுபடியும் தொடுகிறார், அப்பொழுது தெளிவாய்க் காண்கிறான். முதல் தொடுகையிற் பார்வை வந்தது மெய்யா, பொய்யா? மெய்யே. குருடனுக்கு மரமும் தெரியாது. ஆனால் அப்பார்வையோடு அவன் ஊருக்குள் போயிருந்தால், மனிதரை மரமென்றே நடத்தியிருப்பான். கடலிற் பார்வை பெற்ற நியூட்டன் கரையில் ஏறி மனிதரைச் சரக்காகக் கண்டது இத்தகையது. தமக்குச் சோறிட்ட கைகளையே விலைபேசினார். 1748-இல் தாம் அடைந்தது தொடக்கமேயன்றிப் பூரண விசுவாசமன்றென்று அவரே பிற்பாடு எழுதினார். ஆதலின் அவரை வேஷதாரி என்பது நியாயமன்று. அவர் ஒருமுறை தொடப்பட்டவர்.

ஆனால், இவ்விடத்திலேதான் பிரசங்கியார் பலர் இளைப்பாறிவிடுகின்றனர். "பாருங்கள், கிருபை மெல்ல மெல்ல வேலை செய்கிறது, நமக்கும் காலம் வேண்டும், தேவன் பொறுமையுள்ளவர்" என்று முடித்துவிடுவர். தேவன் பொறுமையுள்ளவரே. இஸ்ரவேலரையும் நாற்பது ஆண்டு வனாந்தரத்தில் நடத்தினார். ஆயினும் ஒரு வேறுபாட்டை நோக்குக. அந்த நாற்பது ஆண்டுகளின் செலவை இஸ்ரவேலர் தாமே கொடுத்தனர்; அவர்கள் எலும்புகளே மணலில் விழுந்தன. நியூட்டனுடைய வளர்ச்சிக்குச் செலவு கொடுத்தவர்கள் வேறு. அவர் கிருபையில் வளர்ந்துகொண்டிருக்கையில் கீழ்த்தளத்திலே இருந்தவர்கள் வளரவில்லை; விற்கப்பட்டனர். அவர் மௌனமாயிருந்த ஆண்டுகளிலும் கப்பல்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. அட்லாண்டிக் கடலின்மேல் நடந்த இவ்வியாபாரம் முழுவதிலும் ஏற்றப்பட்டவர் ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேரென்றும், உயிரோடு கரை சேர்ந்தவர் ஏறக்குறைய 1 கோடியே 7 லட்சம் பேரென்றும் சரித்திர ஆராய்ச்சியாளர் கணக்கிடுகின்றனர். வழியிற் கடலுக்கிரையான அவர்களிடம் போய், "சற்றுப் பொறுங்கள், எங்கள் மனச்சாட்சி மெல்ல வளர்ந்துவருகிறது" என்று எவர் சொல்லக்கூடும்?

வளர்ச்சி மெல்ல நிகழ்வது மெய். அதனை ஆறுதலாகக் கொள்வது தவறு. இவ்விரண்டையும் பிரித்தறிதலே என் வேண்டுகோள். பாவமன்னிப்பைப் பெறுவதற்கு என் வளர்ச்சி முற்றுப்பெற வேண்டுவதில்லை, அது கிருபை. ஆனால் என் காலின்கீழ் அகப்பட்டவன் விடுபட, நான் காலை எடுத்தாகவேண்டும்; அதற்கு என் கிருபையின் அநுபவம் ஈடாகாது.

நியூட்டனுடைய பெருமையும் இங்கேதான் இருக்கிறது. முதுமையில் அவர் தம் கதையை மேடைக்கதையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. 1785-இல் வில்பர்போர்ஸ் என்னும் இளம் பார்லிமெண்டு அங்கத்தினர் இரகசியமாய் அவரைக் கண்டு, உலக அலுவலைத் துறக்கவேண்டுமோ என்று கேட்டபோது, பதவியில் நின்றே தேவனுக்குப் பணிசெய்யும்படி ஊக்கினார். 1788-இல் எழுதிய நூலில், தம் அறிக்கை காலங்கடந்து வருவதென்றும், அத்தொழிலில் ஒருகாலத்தில் தாம் கருவியாயிருந்த நினைவு என்றும் தம்மைத் தாழ்த்துமென்றும் கூறினார். அவ்வளவோடு நில்லாமல், தாம் கண்டதை அந்தரங்க ஆலோசனைச் சபையின் முன்னும், 1790-இற் பார்லிமெண்டுக் குழுவின் முன்னும் சாட்சியாய் நின்று உரைத்தார். எச்சத்துக்கு முற்று அப்பொழுதுதான் கிடைத்தது. புயலைப்பற்றிய சாட்சியைவிட இந்தச் சாட்சியே பெரிதென்று யான் கருதுகிறேன். முன்னதிற் காப்பாற்றப்பட்டவர் தாம், பின்னதிற் காப்பாற்றப்படவேண்டியவர் பிறர்.

இவையெல்லாம் அந்நிய நாட்டுக் கதையென்று நண்பர் எவரும் புத்தகத்தை மூடவேண்டாம். நியூட்டனுடைய போதனையால் ஞானவழியிற் புகுந்த கிளாடியஸ் புக்கானன் என்பவர், குருவாய் இந்தியாவுக்கு வந்து, 1806-இல் தரங்கம்பாடியையும் தஞ்சையையும் கண்டு சென்றார். அவர் கண்டு மகிழ்ந்த அத்தஞ்சைச் சபைக்கு, 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் ஒரு நிருபம் அனுப்பினார்: சபைக்குள் சாதிவேற்றுமை உடனே ஒழியவேண்டும் என்பது அதன் சாரம். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் வேற்றுமையை விடுவதைவிடச் சபையை விடுவதே நலமென்று விலகிநின்றனர். அவர்கள் விசுவாசமில்லாதவர்களல்லர். ஞானப்பாட்டுக்களை உள்ளமுருகிப் பாடினவர்கள். பஞ்சத்திலும் நோயிலும் சபையைத் தாங்கினவர்களின் மக்கள். தேவனைக் கண்டார்கள், பக்கத்துப் பாயிலிருந்தவனை மரமாகக் கண்டார்கள்.

1833 கழிந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டு ஆகப்போகிறது. இன்றும் கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமக்கள் விளம்பரப் பகுதியைப் புரட்டிப் பார்க்க. "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற மணமகள் தேவை" என்னும் பொருள்பட ஒரு வரி; அதன் அருகிலேயே சாதிப்பெயர். இவ்விரு சொற்களும் ஒரே வரியில் நெருங்கி நிற்பதைக் கண்டு அச்சுக்கோப்பவர்க்கும் வியப்பில்லை, வாசிப்பவர்க்கும் வியப்பில்லை. சில ஊர்களிலே கல்லறைத் தோட்டமும் இருவேறாய்ப் பிரிந்துகிடக்கிறது. உயிர்த்தெழுதலுக்குக் காத்திருப்பவர்களும் தனித்தனியே காத்திருக்கவேண்டுமாம்! "மெல்ல மெல்லத்தான் மாறும், தம்பி" என்று நம் பெரியோர் சொல்வர். அப்பெரியோர்பால் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மெல்ல மாறுவதற்கான செலவை யார் கொடுத்துவருகின்றனர் என்று அவர்களை ஒருமுறை கேட்க விரும்புகிறேன். மனந்திரும்பு என்பது தன்வினை. பிறருடைய மனத்தைத் திருப்புவதில் நம் சபைகள் காட்டும் ஊக்கம், அத்தன்வினையைச் செய்வதிலும் இருக்குமாயின், அடுத்த தலைமுறையின் மாணவன் இதனை எழுதவேண்டியிராது.

கடைசியாக, எரிகோ நகரத்துச் சகேயுவைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததென்று ஆண்டவர் சொன்னது, அவன் ஆஸ்தியிற் பாதியை ஏழைகளுக்கென்று கூறி, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்றபோது. திருடிய ஆட்டுக்கு நான்கு ஆடு என்பது யாத்திராகமத்துச் சட்டம். அவன் அச்சட்டத்தைத் தன்மேலேயே நடத்திக்கொண்டான். பணம் போய்ச்சேர்ந்த இடம் எது? பறிகொடுத்தவன் கை.

பிரித்தானியப் பார்லிமெண்டு 1807 மார்ச்சு 25-இல் அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நியூட்டன் அதனைக் கேட்க உயிரோடிருந்தார். கண்ணொளி மங்கிய கிழவராய் அவ்வாண்டு டிசம்பர் 21-இல் இறந்தார். வியாபாரம் நின்றது, தீவுகளிலிருந்த அடிமைகள் அடிமைகளாகவே இருந்தனர். அவர்களை விடுவிக்கும் சட்டம் 1833-இல் வந்து, 1834-இல் நடைமுறைக்கு ஏறி, பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் மேலும் சில ஆண்டு பிடித்துவைத்து, 1838-இலே முடிந்தது. அச்சட்டத்தின்படி நஷ்டஈடாக ஒதுக்கப்பட்ட தொகை 2 கோடிப் பவுன். அதற்காக வாங்கிய கடன் பல உருவம் மாறி, 2015-ஆம் ஆண்டிலேதான் முற்றும் தீர்ந்ததென்று பிரித்தானிய நிதி இலாகாவே அறிவித்தது. அந்த 2 கோடிப் பவுனும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. அடிமையாயிருந்தவர்களுக்கு அதில் ஒரு காசும் போகவில்லை.